அஞ்சறைப் பெட்டியும் கடல் வரைபடமும்

ஓசூர் அருகே உள்ள பேரிகையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற ராமநாதபுரத்துப் பிள்ளை, ஊரில் படகு ஓட்டும் அண்ணனுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுக்க நினைத்தால், எந்தக் கடல் வரைபடச் செயலியைப் போடுவது என்ற கேள்வி வரும். அஞ்சறைப் பெட்டியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும்.

கடல் வரைபடம் இரண்டு விதம். ஒன்று, அரைத்து டப்பாவில் போட்ட சாம்பார் பொடி. தாளில் அச்சான வரைபடத்தை அப்படியே படம் பிடித்தது. மிளகாய் வேறு, மல்லி வேறு என்று இனிப் பிரிக்க முடியாது. பெரிதாக்கினால் எழுத்தும் சேர்ந்து பெரிதாகும். ஆனால் போட்ட சாமான் எதுவும் மறைந்துபோகாது. மற்றது அஞ்சறைப் பெட்டி. ஆழம் ஓர் அறையில், கரை ஓர் அறையில். கலங்கரை விளக்கம், பார் (கடலடிப் பாறைத்திட்டு), மூழ்கிய கப்பல் எல்லாம் தனித்தனி. நேவியானிக்ஸ், சி-மேப் செயலிகள் இந்த ரகம். திரையை விரல்களால் விரிக்கும்போதும் சுருக்கும்போதும் எந்த அறையிலிருந்து எவ்வளவு எடுப்பது என்று செயலியே முடிவுசெய்து, அந்த நொடியில் சமைத்துப் பரிமாறுகிறது.

ஆபத்தும் அங்கேதான். திரையைச் சுருக்கினால் நெரிசலாகிவிடுமே என்று சில அறைகளை அது திறப்பதே இல்லை. 2014 நவம்பர் 29 அன்று, வால்வோ பெருங்கடல் பந்தயத்தில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் என்ற பாய்மரப் படகு, மொரிஷியசுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் பாரில் மோதி ஏறியது. பார் பெட்டிக்குள் இருந்தது. மாலுமிகள் திரையைப் பார்த்த அளவில் அதன் ஆபத்து தெரியவில்லை. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். கைதேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி.

ஆகவே வண்ணத்தைப் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அண்ணனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாரை ஒவ்வொரு செயலியிலும் தேடிப்பிடித்து, திரையை மெல்லச் சுருக்கச் சொல்லுங்கள். அந்தப் பார் எந்த அளவில் மறைகிறது என்பதுதான் உண்மையான ஒப்பீடு. அடுத்தது, சாமான் எப்போது வாங்கியது, அதாவது கடலை எப்போது அளந்தது என்பது. இந்தியக் கடலை அளந்து அதிகாரபூர்வ வரைபடம் வெளியிடுவது டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம். எந்தச் செயலியானாலும், அளந்த நாளில் இருந்த ஆழத்தைத்தான் காட்டும். ஆதம் பாலத்து மணல்திட்டுகளோ இடம் மாறிக்கொண்டே இருப்பவை.

பாக் நீரிணைப் பக்கம் போகிறவருக்கு எல்லைக்கோடும் ஆழத்துக்குக் குறையாத கவலை. 1974, 1976 ஒப்பந்தங்களில் இந்தியாவும் இலங்கையும் வகுத்த கோடு அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி அந்த எல்லை நெருங்கும்போது எச்சரிக்கும். காற்று, அலை நிலவரமும் தமிழிலேயே சொல்லும். முதலில் இதைப் போடுங்கள். விலைக்கு விற்கும் வரைபடத்தைப் பிறகு பார்க்கலாம்.

வாங்குமுன் ஒன்று. வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது. மொபைல் இணைப்பும் உள்ள வகையில் உண்டு. நடுக்கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும். வரைபடத்தை மட்டும் கரையிலேயே இறக்கிவைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் சூடேறினால் டேப்லெட் அணைந்துவிடும். ஆகவே படகில் ஏற்கெனவே இருக்கும் ஜிபிஎஸ் கருவியை அண்ணன் கழற்றிவிடக் கூடாது.