குஞ்சு காக்கும் விராலை விட்டுவிடுவோம்

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின், அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பெங்களூரு ரயில்தான் பிழைப்பு. பிள்ளைகளோடு இருக்க ஞாயிறுதான் மிஞ்சுகிறது. அதைக் கழிக்க நீர்க்கரையைவிடச் செலவில்லாத இடம் கிடையாது. பேத்தமங்கலம் ஏரி இருக்கிறது. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று சொல்லப்படும் பூதிகோட்டை அருகே மார்க்கண்டேய நதி அணையும் இருக்கிறது. தாத்தா புழு கோக்க, பேத்தி தக்கையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருக்க, சாயங்காலம் குழம்புக்கு மீன் சேர்ந்தால் அது நல்ல நாள்தான். ஆனால் அந்த நாளின் பெருமையாகப் பெரிய விரால் ஒன்றைத் தூக்கிக் காட்டும்போது, அது எப்படிச் சிக்கியது என்று கேட்டாக வேண்டும்.

மழைக்காலத்தில் விரால் ஓரத்துக் கோரைகளுக்குள் முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாகத் திரியும். மூச்சுவிட அடிக்கடி மேலே வரும். கரையிலிருந்தே அந்தச் சிவப்பு தெரியும். கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். கூட்டத்தின் நடுவே தவளையைக் கோத்த தூண்டிலை வீசினால் அது பாய்ந்து கவ்வுகிறது. பசியால் அல்ல, குஞ்சை நெருங்கிய எதையும் விரட்டும் வேகத்தால். இதைத் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காவல் போனதும் கொக்கும் தவளையும் பிற மீன்களும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அமெரிக்காவின் பாஸ் மீனும் இப்படித்தான் காவல் காக்கிறது. ஆண் மீனைக் கூட்டிலிருந்து எடுத்தால் சிறு மீன்கள் உடனே புகுந்து சூறையாடுவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பல பகுதிகளில் அது கூடு காக்கும் வசந்தகாலத்தில் பாஸ் பிடிக்கவே தடை.

வாரம் ஒருமுறை வரும் குடும்பத்தை வெறுங்கையோடு அனுப்புவதா என்று கேட்கலாம். அப்படி நேராது. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கிறது, புழுவுக்கே சிக்குகிறது. கெளுத்தியும் கெண்டையும் உண்டு. குஞ்சுக்கூட்டம் இல்லாத இடத்தில் கவ்வும் விராலையும் யாரும் விடச் சொல்லவில்லை. ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் வலைபோட்டு அரிக்கும்போது ஒரு தூண்டிலைக் குறைசொல்வது நியாயமா என்ற கேள்விதான் கனமானது. ஆனால் கோரை மண்டிய ஓரத்தில் இழுவலை சரியாக ஓடாது. விராலுக்கு மிஞ்சும் புகலிடம் அதுதான். அங்கே தேடிப்போய் எடுப்பது தூண்டில்தான். வலைக்கும் வரம்பு வேண்டும்: மழை மாதங்களில் வலையிழுக்க ஓரக் கோரையை வெட்டக் கூடாது என்று மீன்வளத் துறை குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கலாம்.