வேதாகமமும் விலங்கும்

கிறிஸ்தவ அதிரடிப் படங்களையும் அவற்றின் பகடிகளையும் பற்றிப் பேசும்போது முதலில் பார்க்க வேண்டியவை, அமெரிக்கச் சபைகளே எடுத்த பக்திப் படங்கள். ஜார்ஜியா மாநிலம் ஆல்பனி நகரின் ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபை 2003இல் ‘ஃப்ளைவீல்’ என்ற படத்தோடு களமிறங்கியது. இயக்கியவர் அலெக்ஸ் கென்ட்ரிக்; கதையில் தம்பி ஸ்டீபனும் கைகோத்தார். சபையாரே நடித்தார்கள், படப்பிடிப்புக் குழுவுக்குச் சமைத்துப் போட்டார்கள். 2008இல் வந்த ‘ஃபயர்ப்ரூஃப்’ சுமார் 5 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

நேர்மையான போலீஸ்காரர் என்ற பாத்திரம் இந்த வகைப் படங்களில் முழு உருவம் பெற்றது 2011இல் வந்த ‘கரேஜியஸ்’ படத்தில்தான். முதல் காட்சியே அதிரடி. பெட்ரோல் பங்க்கில் நேத்தன் என்ற காவலரின் வண்டியை ஒருவன் கிளப்பிக்கொண்டு போகிறான். நேத்தன் ஓடிப்போய் ஜன்னல் வழியே ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குகிறார். சாலை நெடுக இழுபடுகிறார், விடவில்லை. வண்டி மரத்தில் மோதி நின்றபின், அடிபட்ட உடம்போடு தவழ்ந்து வந்து பின்கதவைத் திறக்கிறார். உள்ளே அவருடைய கைக்குழந்தை அழுதுகொண்டிருக்கிறது. எந்தப் பெரிய ஸ்டுடியோவும் பெருமைப்படக்கூடிய தொடக்கம் இது.

அதன்பின் படம் துப்பாக்கியை நம்பியிருக்கவில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனால் மகளை இழந்த காவலர் ஆடம் மிட்செல், நல்ல தகப்பனாக வாழ்வேன் என்று சக காவலர்களோடு உறுதிமொழி எடுக்கிறார். அதே உறுதிமொழி எடுத்த ஷேன் சாட்சியப் பொருளாக வைத்திருந்த போதைப்பொருளைத் திருடுகிறான். நண்பன் என்றும் பாராமல் ஆடம் அவனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கிறார். உச்சக்கட்டம், தந்தையர் தினத்தன்று தேவாலய மேடையில் ஆடம் பேசும் பேச்சு. பிரசங்க நெடி அடிக்கிறது என்ற குறை நியாயமானதே. ஆனால் ஷேன் கைதாகும் பகுதியில் அந்த நெடி இல்லை. படத்தின் நேர்மை அங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

பகடிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இத்தகைய தீவிரத்தைத்தான். பிரசங்கம் இருந்த இடத்தில் குத்தும் உதையும் வருகின்றன. கனடாவின் ஒட்டாவாவில் லீ டெமார்ப்ரே இயக்கிய ‘ஜீசஸ் கிரைஸ்ட் வேம்பயர் ஹன்டர்’ (2001) படத்தில் இயேசுவே குங்ஃபூ கற்று இரத்தக் காட்டேரிகளை அடிக்கிறார். துணைக்கு முகமூடி அணிந்த மெக்சிகோ மல்யுத்த வீரர். நடுநடுவே பாட்டும் உண்டு. ஒரு ஜீப்பிலிருந்து நாத்திகர்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள், வரிசையாக அடி வாங்குகிறார்கள். கடைசி ஆள் இறங்கிவிட்டான் என்று நினைக்கும்போது இன்னொருவன் இறங்குகிறான். தனியொருவன் கூட்டத்தை வீழ்த்தும் சண்டை மரபை இதைவிட எளிதாக உடைத்துக்காட்ட முடியாது.

பிரெண்டன் ஸ்டீயரின் ‘தி வெலாசிபாஸ்டர்’ (2018) சுமார் 35,000 டாலரில் எடுக்கப்பட்டது. அதில் பாதிரியார் ஒருவர் டைனோசராக மாறி நின்ஜாக்களை வேட்டையாடுகிறார். அவருடைய பெற்றோர் கார் வெடித்து இறக்கும் காட்சியில் தீயும் இல்லை, புகையும் இல்லை. எரியும் கார் இங்கே வர வேண்டும் என்ற எழுத்துக்கள் மட்டும் திரையில் தெரிகின்றன. பாதிரியாராக நடித்த கிரெக் கோஹன் அதைப் பார்த்து உண்மையாகவே துடிக்கிறார். ஆகவேதான் சிரிப்பு வருகிறது. அவரும் பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடித்திருந்தால் படம் அங்கேயே படுத்திருக்கும்.

இந்த இரண்டு பகடிகளும் கேலி செய்வது பெரும்பாலும் அதிரடிப் படங்களின் சூத்திரத்தை. தேவாலயத்துக்குப் போகும் சாதாரண மனிதர்களை அல்ல. மூலத்தை அறியாமல் பகடியை மட்டும் பார்ப்பவருக்குப் பாதிச் சுவைதான் கிட்டும். இவற்றைத் தேடிப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘கரேஜியஸ்’ படத்திலிருந்து தொடங்குவது நல்லது.