ராணுவ வேலைக்குத் தயாராகிறீர்களா? தோலையும் ஒருமுறை பாருங்கள்!

ஓட்டத்தில் ஜெயித்து, மெடிக்கலில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. செங்கல்பட்டு மைதானத்திலும் மாமல்லபுரம் மணலிலும் அக்னிவீர் கனவோடு ஓடிப் பழகும் தம்பிகள் உயரம், மார்பளவு, பார்வை பற்றிக் கவலைப்படுகிறார்கள். தோலைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை.

எது சிக்கல்?

தழும்பு இல்லாத லேசான முகப்பரு தடையில்லை. சிரங்கு வந்திருந்தால், முழுசாகக் குணமான பிறகு தகுதி பெறலாம். ஆனால், வெளியே தெரியும் இடத்தில் வெண்புள்ளி, சொரியாசிஸ், நாள்பட்ட எக்ஸிமா, உள்ளங்கை, உள்ளங்காலில் அளவுக்கு மீறிய வியர்வை ஆகியவை நிராகரிப்பில் முடியலாம். நாள் முழுக்க பூட்ஸ், பாலைவன வெயில், பனிமலை எல்லாவற்றையும் தோல் தாங்க வேண்டுமே!

நிரந்தர டாட்டூவுக்கு முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும்தான் அனுமதி. பழங்குடியினரின் மரபுக்கு மட்டும் விலக்கு உண்டு.

தேமல்தானே என்று விடாதீர்கள்

கடலோரப் புழுக்கத்தில் தேமலும் படர்தாமரையும் சகஜம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம், அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். பயிற்சி முடிந்ததும் ஈர உடையை மாற்றுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

தொட்டால் உணர்ச்சியே இல்லாத தேமல் என்றால் உடனே கிளம்புங்கள். அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். இதற்கென்றே செங்கல்பட்டு அருகே திருமணியில், 1955-ல் மத்திய அரசு ஏற்று நடத்தத் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள். மருந்து தொடங்கிய சில நாள்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் போய்விடும்.

ஆனாலும், தொழுநோய் வந்து போனவர்களுக்குக்கூட படைகளின் மருத்துவ விதிகள் இடம் தருவதில்லை. நரம்பு தடித்திருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்ப்பார்கள். குணமானவர்களை ஏன் ஒதுக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. அந்தப் பயத்தில் தேமலை மறைத்தால், நரம்பு கெட்டு விரல்கள் உணர்விழக்கும். இந்த வேலை போனால் வேறு வேலை தேடலாம்; கை போனால்?

‘அன்ஃபிட்’ என்றால்...

சீட்டில் தற்காலிகமா, நிரந்தரமா என்று பாருங்கள். மறுபரிசோதனைக்கு எந்த ராணுவ மருத்துவமனை, எந்தத் தேதிக்குள் என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அதைவிட நல்லது, விண்ணப்பிக்கும் முன்பே அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒருமுறை போய்வருவது.