ஒரு காதில் மொஸார்ட், மறு காதில் தோட்டப் பாட்டு

அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்ட டாக்டரின் வீடு. உள்ளே கிராமபோனில் மொஸார்ட், பீத்தோவன். வெளியே, சோட்டா நாக்பூர் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகளின் பாட்டும் மேளமும். நடுவில் வளர்ந்த சிறுவன், எது உசத்தி என்று யாரிடமும் கேட்டதாகத் தெரியவில்லை. 1995இல் மறைந்த இசையமைப்பாளர் சலீல் சௌத்ரி, கடைசிவரை இரண்டையும் விடவில்லை.

இசைத்தட்டுகள், ஊர் திரும்பிய ஐரிஷ் டாக்டர் ஒருவர் விட்டுச்சென்றவை. அப்பாவும் சாமானியர் அல்ல. தொழிலாளர்களைச் சேர்த்துக்கொண்டு துரைமார்களுக்கு எதிராக நாடகம் போட்டவர். மகன் 1940களில் 'இப்டா'வில் சேர்ந்து, வங்காள விவசாயிகளின் தேபாகா போராட்டத்துக்குப் பாட்டுக் கட்டினார். கோஷ்டிப் பாட்டுக்கு மேற்கத்திய ஹார்மனி கைகொடுத்தது. பல குரல்கள் பல சுரங்களில் ஒரே நேரத்தில் ஒலிப்பது, தனிக்குரலில் ஊறிய நம் காதுகளுக்குப் புதுசு. பிற்பாடு பம்பாயில் யூத் கொயர் தொடங்கியதும் இந்த ருசியால்தான்.

பம்பாய்க்கு அவரை அழைத்துப்போனது இசையல்ல, கதை. பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' (1953) அவர் எழுதியது. அதன் பாட்டு ஒன்றில் சோவியத் ராணுவப் பாடலின் நடை கேட்கும். 'மதுமதி'யில் (1958) போலந்து நாட்டுப்புற மெட்டு ஒன்று காதல் பாட்டாயிற்று. அதே படத்தில் தேள்கடிப் பாட்டில் தேயிலைத் தோட்டத்து வாசனை. 'சாயா'வில் (1961) தலத்தும் லதாவும் பாடிய டூயட், மொஸார்ட்டின் 40வது சிம்பொனி போலவே ஆரம்பிக்கிறது.

காப்பியா? மொஸார்ட் விஷயத்தில் குற்றச்சாட்டு நிற்காது. உலகமே அறிந்த சிம்பொனியை யாரும் ஒளித்துத் திருட மாட்டார்கள். தவிர, பல்லவி தாண்டியதும் சரணம் தன் வழியில் போய்விடுகிறது. போலந்து மெட்டில் வாதம் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்கிறது. அதை முன்பே கேட்டிருந்த இந்திய ரசிகர்கள் எத்தனை பேர்? ஆனால் அந்தக் காதல் பாட்டுக்கு வேறு மெட்டை நினைத்துப் பார்ப்பதும் கஷ்டம். (மெட்டுகளைத் தன்னிடமிருந்தே எடுப்பதிலும் அவருக்குக் கூச்சமில்லை. 'ஆனந்த்' (1971) படத்தில் லதா பாடிய மெட்டை, பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடுகிறார்.)

தெற்கே வந்தது மலையாளம் வழியாக. 'செம்மீன்' (1965) அவருடைய முதல் மலையாளப் படம். கேரளக் கடற்கரைக் கதைக்கு வங்காளி இசை, பாடியவர்களில் ஒருவர் மன்னா டே. மீனவர் பாட்டு அந்நியமாக ஒலித்ததாக மலையாளிகள் முகம் சுளிக்கவில்லை. அடுத்த பல ஆண்டுகள் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தார்கள்.

மலையாளப் படங்களில் அவருக்கு உதவியாக இருந்தவர் ஆர்.கே. சேகர், ஏ.ஆர். ரஹ்மானின் தந்தை. சலீலின் ஒலிப்பதிவுகளில் கிடார் வாசித்தவர்களில் ஒருவர் இளையராஜா.