சிறு தொழில் நிலைத்து நிற்க முன்னேற்பாடு

பால்மரக் காட்டில் உழைப்போருக்கு மழையைப் பற்றி வேறொருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் மரப்பட்டை நனைந்துவிடும். அந்நேரத்தில் வெட்டினால் பால் மங்கில் சேராமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். அதற்காகத் தோட்டத்தை மூடிவிடுவதில்லை. பட்டை உலரும்வரை பொறுத்திருந்து தாமதமாக வெட்டுவதுண்டு. ஆட்களை வேறு வேலைக்கு அனுப்புவதுண்டு. வெட்டுக்கு மேலே மழைத்தடுப்பு ஒட்டி வைப்பதும் உண்டு. மழையை நிறுத்த நம்மால் ஆகாது. மழை வந்தால் இன்னது செய்வோம் என்று முன்கூட்டியே முடிவு செய்ய நம்மால் ஆகும்.

இதே முறையைக் கடைகளும் தொழிற்கூடங்களும் கையாளும்போது அதனைத் 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' என்கிறார்கள். பெரிய வங்கிகள் இதற்கெனத் தனி அதிகாரிகளையே வைத்திருக்கின்றன. 2012ஆம் ஆண்டில் இதற்கு அனைத்துலகத் தர நெறி ஒன்றும் வெளியிடப்பட்டது. ஆயினும், இத்திட்டம் பெரிய நிறுவனங்களைக் காட்டிலும் சிறு கடைக்கே மிகுதியும் தேவை. பெரிய நிறுவனம் ஒரு கிளையை இழந்தால் மறு கிளை இருக்கும். தோட்டப்புறத்தில் மளிகைக் கடையோ, தையல் கடையோ, பலகாரத் தொழிலோ நடத்தும் குடும்பத்துக்கு அந்த ஒன்றே எல்லாம்.

2021 கற்பித்த பாடம்

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை வீசும். அக்காலத்தில் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநில மக்கள் வெள்ளத்தை எதிர்பார்த்தே இருப்பார்கள். 2021 டிசம்பர் நடுவிலோ, வெள்ளம் எதிர்பாராத பக்கத்தில் வந்தது. சிலாங்கூரின் பல பகுதிகளில் ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஏறக்குறைய ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம், கிள்ளான், உலு லங்காட் வட்டாரங்களில் வீடுகளும் கடைகளும் நீரில் மூழ்கின. நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வெள்ளத்தினால் ஏற்பட்ட இழப்பை ஏறத்தாழ 610 கோடி வெள்ளி எனப் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது. இதில் வணிகத் தலங்களின் இழப்பு மட்டும் சுமார் 50 கோடி வெள்ளி.

'நம் பக்கம் வெள்ளம் வராது' என்னும் நம்பிக்கை முன்னேற்பாடு ஆகாது என்பதே இதில் நாம் கற்ற பாடம்.

தொழிலின் உயிர் எது?

திட்டம் தீட்டுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'என்ன ஆபத்து வரும்?' என்பதன்று, 'என் தொழிலில் எது போனால் தொழிலே போய்விடும்?' என்பதாகும்.

எடுத்துக்காட்டாக, தோட்டத்து மளிகைக் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள். கடையில் 6,000 வெள்ளிக்குச் சரக்கு இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. கல்லாவின் அருகே பற்றுப் புத்தகம் தொங்குகிறது. அதில் நாற்பது குடும்பங்கள் சம்பள நாளில் தர வேண்டிய 4,000 வெள்ளியின் கணக்கு எழுதப்பட்டுள்ளது. இரவில் ஆறு பெருகிக் கடைக்குள் நீர் புகுகிறது. கடைக்காரர் எதை முதலில் தூக்குவார்? அரிசி மூட்டையைத்தான். அது இயல்பே. நனைந்த அரிசியை மொத்த வியாபாரியிடம் சொல்லி, தவணையில் மீண்டும் வாங்கிவிடலாம். நனைந்து கரைந்த பற்றுப் புத்தகத்தை எங்கே வாங்குவது? வாங்கியவர்கள் நாணயமானவர்களே. எனினும், தாம் தர வேண்டிய தொகையை எத்தனை பேர் காசு பிசகாமல் நினைவில் வைத்திருப்பார்கள்? வெள்ளத்தில் அவர்கள் வீட்டுப் பொருளும் போயிருக்குமே!

இரண்டு வெள்ளி விலையுள்ள அந்தப் புத்தகமே கடையின் உயிர். வாரம் ஒருமுறை அதன் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, வேறு ஊரிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்தால், அவ்வுயிர் இரண்டு இடத்தில் வாழும். இதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

தையற்காரருக்கு அளவுக் குறிப்பேடு, பலகாரம் செய்வோருக்கு முன்பணம் கொடுத்தவர்களின் பட்டியல், மாடு வளர்ப்போருக்குக் கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் உயிர் உண்டு. உங்கள் தொழிலில் அது எது என்று இன்றே கண்டறியுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

இரண்டாம் கேள்வி, தொழில் நின்றால் எத்தனை நாள் தாங்க முடியும் என்பது. பால் விற்பவருக்கு ஒரு நாள் நின்றாலே வாடிக்கையாளர் வேறிடம் போய்விடுவர். தையல் தொழில் ஒரு வாரம் தாங்கலாம். தீபாவளிக்கு முந்திய வாரமாயின் ஒரு நாளும் தாங்காது. இந்தக் கணக்கு தெரிந்தால்தான், கடையை மூடியிருக்கும் நாட்களுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பது தெரியும். ஒரு மாதச் செலவுக்குரிய தொகையைத் தொழிற்பணத்தோடு கலக்காமல், தனிக் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்பது நல்ல தொடக்கமாகும்.

ஆபத்து வெள்ளமாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. தொழிலை நடத்துபவர் நோயில் படுத்தால் என்ன ஆகும்? சரக்கு எங்கே வாங்குவது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பவை அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தால், அவர் படுக்கும்போது தொழிலும் படுத்துவிடும். தனி ஒருவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கை, அவர் காலமானால், குடும்பத்தார் விரும்பியவுடன் இயக்க இயலாது. ஆகவே, கணவன் நடத்தும் கடையின் கணக்கு மனைவிக்கும், மனைவி நடத்தும் தொழிலின் விவரம் கணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவும் காப்புறுதியும்

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, வெள்ளமோ தீயோ இல்லாமலே ஆயிரக்கணக்கான கடைகள் மூடிக் கிடந்தன. அப்போது அரசாங்கம் அறிவித்த ஊதிய உதவித் திட்டம் சொக்சோ நிறுவனத்தின் வழியாக நடைபெற்றது. தொழிலைப் பதிவு செய்து, தொழிலாளர்களின் பெயரையும் சொக்சோவில் பதிந்திருந்த முதலாளிகளே அதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. உதவி இருந்தும், பதிவு இல்லாதோர் கைக்கு அது எட்டவில்லை. தீபகற்ப மலேசியாவில் தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சுயதொழில் செய்வோரும் வேலையின்போது நேரும் விபத்துக்குப் பாதுகாப்புப் பெறும் வகையில், 2017ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் விவரம் கேட்டறியலாம்.

காப்புறுதி எடுத்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணத் தீக் காப்புறுதி, வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு தருவதில்லை. வெள்ளத்துக்கான பாதுகாப்பைக் கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு ஏற்றும் வேனுக்கும் இவ்வாறே. காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, 'வெள்ளம்' என்னும் சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்; மொழி விளங்காவிட்டால் படித்த பிள்ளைகளைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

எச்சரிக்கையை அறிதல்

வானிலை ஆய்வு இலாகா கனமழை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என மூன்று நிறங்களில் வெளியிடுகிறது. சிவப்பு மிகுந்த ஆபத்தைக் குறிக்கும். ஆறுகளின் நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசன இலாகா இயல்பு, கவனம், எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாக அறிவிக்கிறது. இவற்றைக் கைப்பேசியிலேயே காணலாம். எந்த நிலை வந்ததும் யார் எதைச் செய்வது என்று குடும்பத்தில் பேசி வையுங்கள். 'ஆரஞ்சு என்றதும் மகன் சரக்கை மேல் தட்டுக்கு ஏற்றுவான். மருமகள் புத்தகங்களையும் பத்திரங்களையும் பையில் கட்டுவாள். வெளியேறுமுன் அப்பா மின்சாரத்தை நிறுத்துவார்' என்பது போல ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும். நீர் உள்ளே புகுந்தபின் பொருளுக்காகத் திரும்பி வர வேண்டாம். பொருள் போனால் மீண்டும் சம்பாதிக்கலாம்.

இவை அனைத்தையும் ஒரே தாளில் எழுதிவிடலாம்: தொழிலின் உயிர் எது, அதன் நகல் எங்கே இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், யார் யாருக்கு என்ன வேலை, அவசர எண்கள் எவை. ஒரு நகல் கடைச் சுவரில் இருக்கட்டும்; மற்றொன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஆண்டுதோறும் நவம்பர் பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அமர்ந்து அதனைப் படித்துப் பாருங்கள். மாறிய எண்களைத் திருத்துங்கள். ஒருமுறை ஒத்திகையும் செய்யுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்றனர் நம் முன்னோர். சிறு தொழில் நடத்துவோருக்கு அந்த அணை ஒரு தாளும் ஒரு மாலைப் பொழுதுமே. தோட்ட வேலைக்கு இடையே பாடுபட்டு வளர்த்த தொழில், ஓர் இரவு மழையில் கரைந்துபோக விடலாகாது.