கொழுந்து நிறையும் வாக்குக் கணக்கும்

நம் மலைநாட்டுத் தோட்டங்களிற் பறித்த கொழுந்து மலையிலே ஒருமுறை நிறுக்கப்படும். தொழிற்சாலையை அடைந்தபின் மீண்டும் நிறுக்கப்படும். இரு நிறைகளும் ஒவ்வாவிடின் காரணம் தேடப்படும். தேர்தலுக்குப் பிந்திய கணக்காய்வு என்பதன் உட்பொருளும் இதுவேயாம். ஒருவர் எண்ணியதைப் பிறிதொரு வழியாற் சரிபார்த்தலே அது.

மேல்நாடுகள் சிலவற்றிற் பொறிகளே வாக்குகளை எண்ணுகின்றன. ஆதலின், பின்னர்க் கடதாசிச் சீட்டுகள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கையால் ஒப்பிடுவர். வெற்றியின் இடைவெளி குறையக் குறைய, எடுக்க வேண்டிய சீட்டுகளின் தொகை கூடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 இல் இம்முறையை மாநிலம் முழுவதிலும் கைக்கொண்டது. ஜோர்ஜியா மாநிலத்தில் 2020 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின்பின் ஏறத்தாழ 50 இலட்சம் சீட்டுகள் கையால் எண்ணப்பட்டன. விடுபட்ட சில ஆயிரம் வாக்குகள் அகப்பட்டன, வென்றவர் மாறவில்லை. எனினும் ஐயுற்றோர் பலர் ஐயம் நீங்கினாரல்லர். சரிபார்த்தல் சான்றைத் தரும். நம்பிக்கையோ, அச்சான்றைத் தோற்றவரும் அருகிருந்து காணும்போதே பிறக்கும். அயலிலுள்ள இந்தியாவில், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பிரிவிலும் ஐந்து வாக்குச்சாவடிகளின் பொறிக் கணக்கைக் கடதாசிச் சீட்டுகளுடன் ஒப்பிடுமாறு உச்ச நீதிமன்றம் 2019 இற் பணித்தது.

இலங்கையில் வாக்களிப்பது கடதாசியில், எண்ணுவது கையால். ஆகவே சரிபார்ப்பு வழமையினுள்ளேயே அமைந்துள்ளது. வாக்களிப்புத் தொடங்குமுன் பெட்டி வெறுமையானதென அங்குள்ளோர்க்குக் காட்டப்படும்; முடிந்தபின் முத்திரையிடப்படும். வழங்கிய சீட்டுகளும் எஞ்சியவையும் வாக்குச்சீட்டுக் கணக்கில் எழுதப்படும். எண்ணும் நிலையத்திலே, பெட்டியிலுள்ள சீட்டுகளின் தொகை, முகவர்கள் பார்த்திருக்க, அக்கணக்குடன் ஒப்பிடப்படும். 2024 செப்ரெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் எவரும் அரைப்பங்குக்கு மேற் பெறவில்லை. முந்திநின்ற அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமே பெற்றிருந்தார். வரலாற்றில் முதன்முறையாக விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. நாடு பொறுமையுடன் காத்திருந்தது. தோற்ற முதன்மை வேட்பாளர்களும் முடிவை ஏற்றனர்.

நிற்க, செக்ரோலிற் பெயரில்லாதவள் பறித்த கொழுந்தை எத்தராசு நேர்மையாக நிறுத்தும் பயனென்ன? 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்றார். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளர் மிகப் பெரும்பாலோரை இடாப்பினின்றும் அகற்றின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிற் பெட்டியிலிருந்த சீட்டுகளை எத்துணை கவனமாக மீள எண்ணியிருப்பினும், இந்த இழப்பு எக்கணக்கிலும் தோன்றியிராது. தொண்டமான் மீண்டும் தேர்தலில் வென்றது 1977 இலேயே. நாடற்றோராய் எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைக்கு வழி திறந்தது.

ஆதலின், நம்மவர்க்குக் கணக்காய்வு வாக்கெண்ணும் இரவில் தொடங்குவதன்று. ஆண்டுதோறும் தேருநர் இடாப்புத் திருத்தப்படுங்கால் தொடங்குவதாகும். அடையாள அட்டையில்லாத முதியோர், தோட்டம் மாறிச் சென்ற குடும்பம், புதிதாகப் பதினெட்டை எட்டிய இளைஞர் ஆகியோரின் பெயர்களே எளிதில் விடுபடுவன. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் கற்ற பழைய மாணவர்கள், தத்தம் லயன்களில் விடுபட்டோரைக் கண்டு படிவம் நிரப்பிக் கொடுப்பாராயின், எந்த நீதிமன்றத் தீர்ப்புக்கும் குறையாத தொண்டு அதுவாகும். எண்ணப்பட்ட வாக்குகள் சரியோவென ஆராய்வோர் பலர் உளர். எண்ணப்படவேண்டிய மாந்தர் யாவரும் இடாப்பில் உளரோவென ஆராய்வது கற்றோர் கடன்.