படித்தது எங்கே போகிறது?

தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் மாணவர்கள் ஆசிரியர்களிடம் அடிக்கடி சொல்லும் முறையீடு ஒன்று உண்டு. "அந்த விடை வலப்பக்கத்தில், படத்துக்குக் கீழே இருக்கிறது சார். பக்கம்கூடக் கண்முன் நிற்கிறது. ஆனால் எழுத வரவில்லை!" இப்படிச் சொல்பவர் படிக்காத மாணவர் அல்லர். அதே பாடத்தைப் பத்துத் தடவையாவது படித்தவர். இரண்டு மூன்று தேர்வுகளில் இவ்வாறு நேர்ந்துவிட்டால், 'எனக்கு ஞாபகசக்தி இல்லை. இயற்பியல் எனக்கு வராது' என்று தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறார். மேல்படிப்பில் அந்தப் பாடத்தின் பக்கமே போகாதவர்களும் உண்டு. வீட்டில் உள்ளவர்களோ வல்லாரைக் கீரை சமைத்துப் போடுகிறார்கள். கீரை உடலுக்கு நல்லதுதான், சாப்பிடட்டும். ஆனால் இத்தகைய மாணவர்களில் பலருக்குக் குறை நினைவாற்றலில் இல்லை, படிக்கும் முறையில்தான் இருக்கிறது.

ஒன்றைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வது வேறு. அது எதிரில் இல்லாதபோது மனத்திலிருந்து வரவழைப்பது வேறு. ஐந்து ரூபாய் நாணயத்தை நாம் நாள்தோறும் கையாளுகிறோம். கையில் கொடுத்தால் கணத்தில் இனம் காண்போம். அதன் இரு புறங்களையும் பார்க்காமல் ஒரு தாளில் வரைந்து பாருங்கள்! எழுத்து எங்கே, எண் எங்கே, சிங்க முத்திரை எந்தப் புறம் என்று தடுமாற்றம் வந்துவிடும். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது நமக்கு வளர்வது முதல் வகைத் திறன். தேர்வுக்கூடத்தில் தேவைப்படுவதோ இரண்டாவது வகை.

இதனைத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் உளவியலார் இருவர் 2006-இல் அதை வெளியிட்டனர். மாணவர்களுக்குச் சிறு அறிவியல் கட்டுரை ஒன்று தரப்பட்டது. ஒரு குழுவினர் ஐந்து ஐந்து நிமிடங்களாக நான்கு வேளையும் அதையே படித்தனர். சராசரியாக ஒருவர் 14 முறை படித்துவிட்டார். மற்றொரு குழுவினர் முதல் வேளையில் மட்டும் படித்தனர். சராசரி மூன்றரை முறைக்கும் குறைவு. மீதி மூன்று வேளைகளில் கட்டுரையைப் பார்க்காமல், நினைவில் உள்ளதை வெற்றுத்தாளில் எழுதினர்.

ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடுதான். இங்கேயே நிறுத்தினால் படித்தவர்களுக்கே வெற்றி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. படித்தவர்கள் 40 விழுக்காடு; எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு! இதைவிட வியப்பானது வேறொன்று. 'ஒரு வாரத்துக்குப் பின் உங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும்?' என்று முன்கூட்டிக் கேட்டபோது, அதிக நம்பிக்கையுடன் இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தாம். சரளமாக வாசிக்க வருவதை, நன்றாகத் தெரிந்துவிட்டது என மனம் தவறாக எண்ணிக்கொள்கிறது. பிறர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்தே சைக்கிள் கற்றவர் எவருமில்லை அன்றோ?

இனி, மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்பதைப் பார்ப்போம். இதை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, முடிவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார். மறந்ததை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவுகோல். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 விழுக்காடு; ஒரு மணி நேரத்தில் 44; ஒரு நாளில் 34; 31 நாள் கழிந்தும் 21. சூடான காப்பி ஆறுவதைப் போல முதலில் விரைவான வீழ்ச்சி, பிறகு மெதுவான வீழ்ச்சி. அவர் கற்றவை பொருளற்ற அசைகள். பொருள் புரிந்து படித்த பாடம் இவ்வளவு விரைவாக மறையாது. எனினும் வளைவின் வடிவத்தை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

அவர் கண்ட மற்றொன்று மாணவர்களுக்கு இன்னும் பயன்படும். ஒரே நாளில் 68 முறை திருப்பிச் சொல்லிப் பெற்ற பலனை, மூன்று நாட்களில் பங்கிட்டபோது 38 முறையிலேயே பெற்றார். ஏறத்தாழப் பாதி உழைப்பு!

நம் திண்ணைப் பள்ளிகளில் மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குப் பூ, பறவை போன்றவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் கேட்கும் வழக்கம் இருந்ததை உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். ஓர் இரவு இடைவெளி, பிறகு நினைவிலிருந்து வரவழைத்தல் - இரண்டும் அதில் இருந்தன. அங்கே பிரம்பும் இருந்தது. அது நமக்கு வேண்டாம்.

இதற்குத் தனி அறையோ மின்விளக்கோ தேவையில்லை. இன்று நடந்த பாடத்தை இன்று மாலையே, புத்தகத்தைத் திறக்காமல், ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பள்ளிக்கு நடக்கும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். நினைவுக்கு வராமல் இரண்டு நிமிடம் திணறுவது எரிச்சலாகத்தான் இருக்கும். அந்தத் திணறல் வீணல்ல. பின்னர் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தவறியதையும் சிவப்பு மையால் திருத்துங்கள். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் தவறே மனத்தில் நிலைத்துவிடலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி ஒரு முறை, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வண்ண மையால் பக்கம் முழுதும் அடிக்கோடிடும் நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சில மறக்கும். அப்போது கைகொடுப்பது புரிதல். தனி ஊசலின் அலைவு நேரத்தை எடுத்துக்கொள்வோம். நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2 பையால் பெருக்க வேண்டும். வகுப்பது எதை, எதனால் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அலகுகளைப் பாருங்கள். நீளத்தின் அலகு மீட்டர். முடுக்கத்தின் அலகு மீட்டர்/வினாடி². முன்னதைப் பின்னதால் வகுத்தால் மீட்டர் நீங்கி வினாடி² எஞ்சும். வர்க்கமூலம் கண்டால் வினாடி. தலைகீழாக வகுத்தாலோ நேரத்துக்குப் பதில் அதன் தலைகீழி வரும். எண்களை இட்டும் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீள ஊசலுக்குச் சரியான வாய்பாடு தரும் விடை சுமார் 2 வினாடி. தவறான வாய்பாட்டில் கிடைக்கும் எண்ணோ ஏறத்தாழ 20! கயிற்றில் கல்லைக் கட்டி ஒரு முறையாவது ஆட்டிப் பார்த்தவர் இருபதை நம்பமாட்டார். அதனால்தான் செய்முறை வகுப்பை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

தேர்வுக்கு முந்தைய இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்போர் 1924-இல் வெளியிட்ட சோதனையில், அசைகளைக் கற்றபின் எட்டு மணி நேரம் உறங்கி எழுந்தவர்களுக்குப் பாதிக்கு மேல் நினைவிருந்தது. அதே நேரத்தை விழித்திருந்து கழித்தபோது மிகச் சிலவே மிஞ்சின. சோதனைக்கு உட்பட்டவர்கள் இருவரே. ஆயினும் பின்னர் நடந்த ஆராய்ச்சிகள் பலவும், கற்றதை நிலைப்படுத்துவதில் உறக்கத்துக்குப் பங்குண்டு என்றே காட்டுகின்றன. ஆகவே இரவு பத்து மணிக்குப் புத்தகத்தை மூடிவிடலாம். காலையில் எழுந்ததும் அதைத் திறக்கும் முன் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, பாடத் தலைப்பை மட்டும் மேலே எழுதித் தொடங்குங்கள்.